குட்டச் சொன்ன சீட்டு

பேத்தியின் பள்ளியில், பேச்சு சரியாக வராத பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒரு டீச்சர் இருக்கிறாராம். படத்தைத் தொட்டுக் காட்டினால் போதுமாம், வாயைத் திறக்கவே வேண்டாமாம். நல்லதுதான். நாற்பது வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

எண்பதுகளில் பட்டாபிராமில் எங்களுக்கு இருந்தது ஒரே சோதனை. எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். தடுமாறினால் அடுத்தவன் படிப்பான். சரியாகப் படித்தவன் தடுமாறியவன் தலையில் குட்டுவான். அண்ணன் பேசுவது வீட்டில் எங்களுக்கே பாதிதான் விளங்கும். இரண்டு முறை பெயிலாகி என் வகுப்புக்கே வந்து சேர்ந்திருந்தான். வாரத்துக்கு இருபது குட்டுக்குக் குறையாது. எண்ணியவன் நான், அதில் நாலைந்து என்னுடையவை.

அந்த வருஷமும் தேறாவிட்டால் படிப்பை நிறுத்தி, அம்பத்தூரில் மாமாவின் லேத் பட்டறைக்கு அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அண்ணனோ வடை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். படம் பார்க்கிறான் என்றுதான் நினைத்தோம்.

வகுப்பு டீச்சருக்கு மட்டும் சந்தேகம். "வாயால கேக்காதீங்க சார். எழுதிக் குடுங்க, செய்யறானா பாருங்க" என்று, வருஷக் கடைசியில் வகுப்புக்கு வந்த ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சினார். அவரும் கெட்டவர் இல்லை. வருஷமெல்லாம் வாங்கியவன் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே ஒரு சீட்டில் எழுதி நீட்டினார். மனசுக்குள் படித்து, எழுதியிருப்பதைச் செய்யச் சொன்னார்.

அண்ணன் சீட்டைப் பார்த்தான். என் பெஞ்சுக்கு வந்தான். என் தலையைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

"செய்டா கண்ணு" என்றார் டீச்சர். அவன் அசையவில்லை. "இன்னா மாமே, செலையாட்டம் நிக்கிற?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது.

"தம்பியக் கேக்கப் போயிருக்கான் பாருங்க டீச்சர்" என்றார் ஹெட்மாஸ்டர் வருத்தமாக. சீட்டை வாங்கி என்னிடம் கொடுத்தார். மணியடித்தாற்போல் படித்தேன்: "தம்பி தலையில் ஒரு குட்டு வை."

சரியாகப் படித்தவன் நான். வழக்கப்படி எழுந்தேன். எனக்கு எட்ட வேண்டுமே என்று அண்ணன் குனிந்து கொடுத்தான். குட்டினேன்.

அடுத்த வாரம் டிபன் பாக்ஸோடு அவன் அம்பத்தூருக்கு ரயிலேறினான். தினம் ரயிலில் போகக் கொடுத்துவைத்தவன் என்று எனக்குப் பொறாமை. அந்த ஒரு வரியைக்கூடப் படிக்கத் தெரியாமல் போயிற்றே என்று கொஞ்சம் பரிதாபமும்.