அப்பா இறுக்கிய பெல்ட்

அப்பா டைமிங் பெல்ட் மாட்டும் கார்களுக்கெல்லாம் காது நான்தான். சிங்காநல்லூரில் அவர் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்ததால், பள்ளிவிட்டு வந்ததும் கூப்பிடுவார். பெல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பார்ப்பார். கால்வாசித் திருப்புக்கு மேல் போனால் தொய்வு. திரும்பவே மறுத்தால் இறுக்கம் அதிகம். இருபது வருஷம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்த விரல்கள். அங்கே தொய்ந்த பெல்ட் பெருங்குற்றம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒரு பிடி கூடுதலாகவே இறுக்கிவிடுவார். இறுக்கம் மிஞ்சினால் இன்ஜின் ஓடும்போது மெல்லிசாக ஊளையிடும்.

“ஏங்கண்ணு, சத்தம் வருதா?”

வாயால் சொல்ல வேண்டாம், தலையாட்டினால் போதும் என்பார். நான் ஆட்டினால் இன்ஜினை அணைத்துப் பெல்ட்டைத் தளர்த்துவார். ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய பதவி.

மாதா கோயில் தேர்பவனி அன்று சாயங்காலமும் கூப்பிட்டார். தேருக்கு முன்னால் பூத்தூவும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. வெள்ளை கவுன் போட்டாயிற்று, மணியும் அடித்துவிட்டது. இன்ஜின் தெளிவாக ஊளையிட்டது. ஆமாம் என்றால் இன்னும் அரைமணி நேரம் போய்விடும். இல்லை என்று தலையாட்டிவிட்டு ஓடினேன்.

பத்து நாள் கழித்து, சொந்தக்காரர் குடும்பத்தோடு ஆனைமலைக்குப் போன அந்தக் கார் பாதி வழியில் நின்றது. இறுக்கம் தாங்காமல் பேரிங் உடைந்து, பெல்ட் அறுந்து, இன்ஜினே போயிற்று. ஒர்க்‌ஷாப் முதலாளி அப்பாவைவிட இளையவர். கோபத்திலும் மரியாதையை விடவில்லை.

“ஏனுங்கண்ணா, அத்தனை ஊளை உங்க காதுல உழுகலீங்களா?”

நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உழுந்துச்சுங்க. ஓட ஓடச் சரியாப் போயிரும்னு உட்டுப்போட்டேனுங்க.”

எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்கினார். ஒரு மாதம் வண்டி கழுவச் சொன்னார்கள், கழுவினார்.

எனக்காகத்தான் பழியை ஏற்றுக்கொண்டார் என்று நம்பினேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு, பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே செபம் சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அசட்டையான ஆளைத் திட்டிவிட்டு வைத்துக்கொள்வார்கள். காது கேட்காத மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மில் இரைச்சலில் அவர் காது எப்போதோ போய்விட்டதும், அதை அந்த ஒர்க்‌ஷாப்பில் மறைத்து வைத்திருந்தது என் தலையாட்டல் மட்டுமே என்பதும் அன்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு மாதமும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அப்பா, அப்பா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. என்மேல் கோபம் என்றே நினைத்தேன்.