விசாரிக்க வந்தவர்

நான் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை என்று அம்மா எல்லோரிடமும் புலம்புவாள். ஆனால் நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் மூக்கண்டப்பள்ளி வீட்டில் யாருமே உட்காரவில்லை. அப்பா வாசலுக்கும் தண்ணீர்க் குழாய்க்குமாக நடந்துகொண்டே இருப்பார். தபால்காரர் தெருமுனையில் தெரிந்தால் அங்கேயே போய் நின்றுவிடுவார்.

கம்பெனியில் பிரஸ் மெஷின் அவருடைய வலது கையை நசுக்கியிருந்தது. விரல்கள் ஐந்தும் தப்பித்துவிட்டன. வம்பே அதில்தான் வந்தது. பார்க்க முழுசாக இருந்த அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்தும், இன்சூரன்ஸ்காரர்கள் நஷ்டஈடு தருவதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அது வந்தால் அப்பா ஒரு பெட்டிக்கடை வைப்பார். வராவிட்டால் என்ன செய்வார் என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

இதற்கு நடுவில், எங்களோடு இருந்த அத்தைக்கு ராயக்கோட்டையிலிருந்து வரன் வந்தது. எங்கள் பக்கம் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் இன்னாரென்று சொல்லிக்கொள்ளாமல் தெருவில் விசாரித்துவிட்டுப் போவதுண்டு. முன்னின்று கல்யாணம் நடத்த வேண்டிய அண்ணனுக்கே இப்படி என்று தெரிந்தால் வரன் தட்டிப்போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம்.

“யாராச்சும் வந்து அப்பா கையப் பத்திக் கேட்டா, ஆறிப்போச்சு, நல்லா இருக்குதுன்னு சொல்லணும். தெரிஞ்சுதா?” என்று எனக்குப் பாடம் நடத்தினாள். நான் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன்.

ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். தெருமுனைப் பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தி, கடைக்காரரிடம் கன்னடத்தில் ஏதோ பேசினார். அப்புறம் நொண்டி ஆடிக்கொண்டிருந்த என்னிடம் வந்து தமிழில் பேச்சுக் கொடுத்தார். அப்பா கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கைப்பயிற்சிக்குப் போயிருந்தார். அம்மாவும் அத்தையும் வேலைக்குப் போயிருந்தார்கள். குடும்ப மானமே என் ஒற்றைக் காலில் நிற்பதாக எனக்குத் தோன்றியது.

“அப்பா கை எப்படி இருக்குது பாப்பா?”

“ஆறிப்போச்சு. நல்லா இருக்குது.”

“வண்டி ஓட்றாரா?”

“ஓ! ராயக்கோட்டை வரைக்கும் ஓட்டினு போயி, தக்காளிப் பெட்டிய அவரே தூக்கினு வந்தாரு.”

ராயக்கோட்டையைச் சேர்த்தது என் சொந்தச் சாமர்த்தியம். அவர் சிரித்தார். அந்த உற்சாகத்தில், கேட்காததையும் சொன்னேன். “எனக்கு டெய்லி தலை பின்னிவிடறது அப்பாதான்.”

அடிபடுவதற்கு முன்னால் அது உண்மை. அம்மா காலை ஷிஃப்டுக்குப் போய்விடுவதால் அப்பாதான் இரட்டைப் பின்னல் போடுவார். அம்மாவைவிட அழுத்தமாகப் போடுவார். அடிபட்ட பிறகு அம்மா விடியும் முன்பே என்னை எழுப்பிப் பின்னிவிட்டுப் போனாள்.

வந்தவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, எனக்கொரு பிஸ்கட் பாக்கெட் வாங்கித் தந்துவிட்டுப் போனார். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே, எவ்வளவு அழுத்தமான ஆள் என்று வியந்துகொண்டேன். சாயங்காலம் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, “எம் பொண்ணு கெட்டிக்காரி” என்றாள். அப்பாகூட அன்று கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்பா கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “எதுக்குண்ணா மூடறீங்க? கம்பெனில அடிபட்டது முன்னமே தெரியும். எங்கூட்லயும் ஒருத்தருக்கு இப்படித்தான்” என்றார். அவர்கள் யாரையும் விசாரிக்க அனுப்பவில்லையாம். அப்படியானால் அந்த பிஸ்கட் மாமா யார் என்று நான் கேட்டேன். அம்மாவின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

அடுத்த வாரம் இன்சூரன்ஸ் கடிதம் வந்தது. மாடிவீட்டு அக்கா அதைத் தமிழில் படித்துச் சொன்னாள். நேரில் விசாரித்ததில், அவர் வண்டி ஓட்டுகிறார், பெட்டி தூக்குகிறார் என்று தெரிகிறது. அடுத்த வரிக்கு வந்ததும் அக்கா நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் படித்தாள். தினமும் மகளுக்குத் தலை பின்னிவிடுகிறார். ஆகவே நஷ்டஈடு கிடையாது.

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பா குறுக்கே வந்து நின்றார். “நீ சொல்லிக் குடுத்ததத்தான அது சொல்லிச்சு” என்றார். அப்புறம் மறுபடியும் வாசலுக்கும் குழாய்க்குமாக நடக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை அம்மா சீப்பை எடுத்தபோது, “நீ ஷிஃப்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்” என்றார் அப்பா. என்னை முன்னால் உட்காரவைத்துக்கொண்டார். வெகுநேரம் ஆயிற்று. சீப்பு மூன்று முறை கீழே விழுந்தது. நான் வழக்கம்போல ஆடிக்கொண்டே இருந்தேன். ஆடாதே என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பின்னால் அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. கடைசியில், “ஆச்சு, போ” என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டதே!

பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பின்னலும் அவிழ்ந்துவிட்டன. டீச்சர் கேட்டபோது, ஓடிவந்ததில் அவிழ்ந்துவிட்டது என்று சொன்னேன். அப்படித்தான் நம்பவும் செய்தேன்.