சம்மிங் மெஷினுக்கு நான் சொன்ன அர்த்தம்

ஓய்வு பெற்றபின் என்னிடம் மிஞ்சியவை இரண்டு: வேலூரில் ஒரு வீடு, தோல் பதனிடும் நடைமுறை ஒவ்வொன்றும் வரிசை எண்ணோடு மனப்பாடம். இரண்டாவதைக் கேட்க வீட்டில் ஆளில்லை.

நேற்று, புதன்கிழமை, பொழுது போகாமல், தடித்த ஆங்கில அகராதி ஒன்றில் ‘சம்மிங்’ என்ற சொல்லைத் தேடினேன். ஆம்பூர் தொழிற்சாலையில் தினமும் பார்த்த இயந்திரம். பதனிடும் டிரம்மிலிருந்து, குரோம் ஏறி நீலமாகி, சொட்டச் சொட்ட வரும் தோலை, கம்பளி உறை போட்ட உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழியும். ‘சாம்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் பாதி; பாதி உலர்ந்தது என்பதிலிருந்து பெயர் வந்திருக்கலாம் என்று அகராதி தயங்கித் தயங்கிச் சொன்னது.

நான் தயங்கியவனல்ல. அந்த இயந்திரத்தை ஓட்டியவர், என் வயதுக்காரர், நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் வாரமே கேட்டார்: “சம்மிங்னா இன்னா சார்?”

பட்டம் வாங்கியவன் தெரியாது என்று சொல்லலாமா? “சாம்னு ஒரு வெள்ளக்காரன் கண்டுபிடிச்சது” என்றேன். அவர் ஷெட் முழுக்கச் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து பத்து மணி டீ எங்கள் இருவருக்கும் சேர்ந்தே வந்தது.

பிழிந்த தோலை மடித்து, மடிப்பை விரலால் நெரிப்பார். நீர் முத்து அரும்பாவிட்டால் பதம் சரி. நான் அதற்கு ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். திங்கட்கிழமைதோறும் மீட்டரைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். விதியை எழுதியவனும் நான், சோதிக்காமல் கையெழுத்திட்டவனும் நான்.

ஒருநாள் மீட்டர் சரி என்றது. அவர் தோலை நெரித்துப் பார்த்தார். “ஈரம் ஜாஸ்தி சார். கை சொல்லுது.”

“உங்க கைக்கு சர்டிபிகேட் இருக்கா?” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த இயந்திரத்தில், கனத்தைச் சீவும் கத்தியில், அந்த ஈரத் தோல்கள் சிக்கிக் கிழிந்தன. ‘ஆபரேட்டர் தவறு’ என்று அறிக்கை எழுதினேன். அவரை, உப்பிட்ட பச்சைத் தோல் நாறும் குடோனுக்கு மாற்றினார்கள். ஒரே மாதத்தில் வேலையை விட்டார். அதன்பின் டீ என் மேசைக்குத் தனியாக வந்தது. அந்தப் பத்து மணி இன்னும் எனக்குத் தினமும் வருகிறது.

அகராதியை மூடிவிட்டு அவருக்குப் போன் செய்தேன். அர்த்தத்தைச் சொன்னேன்.

“அப்போ அந்த வெள்ளக்காரன்?”

“அப்படி ஒருத்தன் இல்ல.”

“அடப்பாவி சார்! என் மாமனார் வரைக்கும் சொல்லிக்கினு இருந்தேனே!”

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். “அன்னிக்கு மீட்டர்தான் தப்பு. நான் செக் பண்ணல. தெரிஞ்சேதான் உங்க மேல எழுதினேன்.”

சிரிப்பு நின்றது. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

“தெரியும் சார்” என்றார்.

“ஒருநாள் வந்து பாக்கட்டுமா?”

“வூட்டுக்கு வாணாம். என் சம்சாரத்துக்கு உங்க மேல கோவம் தீரல. எனக்கே முழுசாத் தீரல.” பிறகு அவரே சொன்னார்: “ஞாயித்துக்கெழம காலைல ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல டீக்கடைல நிப்பேன். வந்தா வாங்க.”

ஆம்பூருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். இன்று வியாழக்கிழமைதான் ஆகிறது.