நாலு மணி பஸ்ஸில் போன செய்திகள்

பத்திரிகை நிருபர் என்றால் நடந்ததை எழுதுகிறவன் என்று நம்புகிறவர்கள், எண்பதுகளில் குவாலா சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூருக்கு நாலு மணிக்குக் கிளம்பிய பஸ்ஸைப் பார்த்திருக்க மாட்டார்கள். கையால் எழுதிய செய்தியையும் படச்சுருளையும் உறையில் போட்டு டிரைவர் கையில் கொடுத்தால் மறுநாள் பேப்பரில் வரும். பஸ்ஸை விட்டால் செய்தி ஊசிப்போகும். ஆனால் எங்கள் வட்டாரத்தில் எந்த நிகழ்ச்சியும் ஐந்து மணிக்கு முன்னால் தொடங்கியதாகச் சரித்திரம் இல்லை. அதனால் ஐந்து மணிக்கு நடக்கப்போவதை மூன்று மணிக்கே 'பலத்த கரவொலிக்கிடையே' என்று எழுதி அனுப்பிவிடுவோம். என்னைப் போல மாவட்ட நிருபராக லோல்பட்ட சகாக்களே, ஆமாம் என்று வெளியே தலையாட்ட வேண்டாம். மனசுக்குள் ஆட்டினால் போதும்.

போத்தல் தண்ணீர்

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. கால்வாய்த் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றித் திறந்துவிடுவார்கள். மழை பெய்தால் தேத்தண்ணி நிறத்தில் வரும். செம்பனை மரங்களுக்கு மருந்தடிக்கும் லெட்சுமி அக்காவின் சின்ன மகள் வயிற்றுப்போக்கில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "இன்னொரு தடவ படுத்தா எந்திரிக்க மாட்டா தம்பி" என்று அக்கா சொன்ன அன்றே கேமராவை எடுத்தேன். அந்தத் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, அக்காவைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி, நல்ல வெயிலில் படம் எடுத்தேன். செய்தியில் ஓர் எழுத்துகூடக் கற்பனை இல்லை.

படம் வந்தது, ஒரு மூலையில். என்னிடம் இருந்தது கறுப்பு வெள்ளைச் சுருள் என்பதைத்தான் யோசிக்காமல் விட்டிருந்தேன். அச்சில் அந்தத் தண்ணீர் மலையருவியில் பிடித்தது போலப் பளிச்சென்று இருந்தது. அக்கா பேப்பரைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்தும் பார்த்தார். "இந்தப் பேப்பர்ல இருக்கிற தண்ணியவாச்சும் எங்களுக்கு விடச் சொல்லுங்க தம்பி."

இருபத்து மூன்று பெயர்கள்

நான் விடவில்லை. அடுத்த மாதம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாச் செய்தியின் வாலில் தண்ணீர்ப் பிரச்சினையைக் கட்டி அனுப்பினேன். திருவிழாச் செய்தி என்றால் கோயில் செயலவை உறுப்பினர் அத்தனை பேர் பெயரும் வர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அடுத்த திருவிழா வரை அந்த லயத்துப் பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்த முடியாது.

இருபத்து மூன்று பெயரும் முழுசாக வந்தன. தண்ணீரைக் காணோம். காப்பிக்கடை போனிலிருந்து துணையாசிரியரை அழைத்துக் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அவர் அசரவில்லை. "இருபத்து மூணு பேரு போட்டா இருபத்து மூணு பேப்பர் விக்கும். தண்ணி வந்து பேப்பர் வாங்குமாய்யா?"

கிராணி வீட்டு டி.வி.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஐயா அந்த வருஷம் கலர் டி.வி. வாங்கினார். சாயந்தரத் தமிழ்ச் செய்தி நேரத்தில் பாதி லயம் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். மறுநாள் நான் பேப்பரை நீட்டினால் நேற்றைய சோற்றைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். நானும் பெருமையை விட்டுவிட்டு, தண்ணீருக்கு என்ன வழி என்று கிராணியிடமே கேட்டேன். "டி.வி.யில சொல்லச் சொல்லுங்க சார். மேனேஜருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஒங்க செய்தி அவரு கைக்கு வந்ததே பாசிர் பெனம்பாங் மீன் கடையில மீன் சுத்திக் குடுத்தப்பதான்."

வராத ஒய்.பி.

ஒரு நாள் காலையில் எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர் போன் செய்தார். உறுப்பினரை ஊரே ஒய்.பி. என்றுதான் சொல்லும். மாலை ஐந்து மணிக்கு ஒய்.பி. ஏழாங்கட்டைத் தோட்டத்துக்கு வருகிறார், மூன்று மாதத்தில் குழாய் போடப்படும் என்று அறிவிக்கப்போகிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மணிக்கே எழுதி முடித்தேன். ஒய்.பி. அறிவித்தார், கூட்டம் கைதட்டியது, தாய்மார்கள் கண்கலங்கினர். நாலு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன்.

மேளம் இருந்தது, மாலை இருந்தது, லெட்சுமி அக்கா பட்டுச்சேலையில் இருந்தார். ஒய்.பி. மட்டும் இல்லை. ஆறரை மணிக்கு ஆள் வந்து, சுங்கை ஆயர் தாவாரில் இன்னொரு நிகழ்ச்சி இழுத்துவிட்டது, இன்றைக்கு முடியாது என்றார். குழாயைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார். கிராணியின் ஆபீசைத் திறக்கச் சொல்லி, செய்தியை நிறுத்துங்கள் என்று கோலாலம்பூரில் இருந்த துணையாசிரியரிடம் போனில் கத்தினேன். "பக்கம் மெஷினுக்குப் போயிருச்சிப்பா. நீ ஒய்.பி.யத் தேடிப் புடிச்சி அறிவிக்கச் சொல்லு."

கைதட்டியவர்கள்

மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்கத் தோட்டத்துக்குப் போனேன். வேலை போவதைப் பற்றிக்கூடக் கவலை இல்லை. நோயாளிப் பிள்ளை வீட்டில் பொய்யாக ஆசை காட்டிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் பெண்கள் பேப்பரும் கையுமாக லோரியில் ஏறி டவுனுக்குப் புறப்பட்டிருந்தார்கள். பின்னாலேயே விரட்டிக்கொண்டு போனால், ஒய்.பி.யின் சேவை மையத்தில் உதவியாளர் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள்.

உதவியாளர் செய்தியைப் படித்துவிட்டு என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். மறுக்கலாம்தான். ஆனால் மறுப்பதற்கு, ஒய்.பி. அங்கே வரவே இல்லை என்று அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டும், தேர்தலோ நெருங்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். மாலையை வாடவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்த லெட்சுமி அக்கா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு முந்திக்கொண்டார். "ஒய்.பி. சொன்னப்ப நாங்கதானே சார் கைதட்டனோம். வேணும்னா அவருகிட்டயே கேட்டுப் பாருங்க லா."

அன்று சாயந்தரமே உதவியாளர் எனக்கு போன் செய்தார். திட்டு வாங்கத் தயாராகக் காதைக் கொடுத்தேன். "ஒய்.பி. பேசினத நல்லா எழுதியிருக்கீங்கன்னு சொல்லச் சொன்னாரு. படம் மட்டும் ஏன் போடல?"

முதல் குடம்

மூன்று மாதம் என்று நான் எழுதியது ஏழு மாதமானது. ஆனாலும் குழாய் வந்தது. திறப்பு விழாவுக்கு ஒய்.பி. நிஜமாகவே வந்து, போன முறை இதே இடத்தில் தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டதாகப் பேசினார். யாரும் சிரிக்கவில்லை. இதற்குள் டவுனில் ஸ்டேஷனரி கடைக்காரர் ஃபேக்ஸ் மிஷின் வாங்கியிருந்தார். இனி நிகழ்ச்சி முடிந்த பிறகு, பார்த்ததை மட்டும் எழுதி அனுப்ப வேண்டும் என்று ஆசிரியரின் உத்தரவும் வந்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் லெட்சுமி அக்கா முதல் குடத்தைப் பிடித்தார். சின்ன மகள் குழாயடியிலேயே இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாய்மார்களைப் பற்றி எழுதியது கடைசியில் எனக்கே பலித்தது. அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுது தம்பி. அதுக்கும் ஒய்.பி. ஒரு தடவ வராம இருந்தா நல்லாருக்கும்."

ஃபேக்ஸ் வந்துவிட்டது அக்கா, இனிமேல் நடந்ததை மட்டும்தான் எழுத முடியும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.