செருப்பு வைத்த படங்கள்

குழாய் வேலை செய்பவர்கள் அந்தப் பகுதியில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஆனால் ‘எக்ஸ்ரே’ என்றால் ஒருவர்தான். சுவரைப் பூசி மூடுவதற்கு முன், உள்ளே ஓடும் குழாய்களை ஒன்று விடாமல் ஃபோனில் படம் பிடித்து வைத்துவிடுவார். அதிலும் ஒரு வழக்கம். இடது கால் செருப்பைக் கழற்றிக் குழாய்க்குப் பின்னால் செருகிவிட்டுத்தான் எடுப்பார். செருப்பு சரியாகப் பத்து அங்குலம். பிறகு எப்போது படத்தைப் பார்த்தாலும், ஜன்னலிலிருந்து இத்தனை செருப்பு தள்ளிக் குழாய் போகிறது என்று அடித்துச் சொல்லலாம். பதினைந்து வருடத்தில் அவர் போட்ட குழாயை எவருடைய டிரில்லும் தொட்டதில்லை. அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அன்று காலை பல் டாக்டரம்மா கூப்பிட்டிருந்தார். கிளினிக் சுவரில் புது மெஷின் மாட்ட நான்கு துளை போட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அந்தச் சுவருக்குள் குழாய் இழுத்தவர் இவர்தான். மெஷின்காரர் டிரில்லோடு தயாராக நின்றார்.

“எங்க போடலாம், சொல்லுங்க.”

“ஒரு நிமிஷம். படம் இருக்கு,” என்று ஃபோனைத் திறந்தார் எக்ஸ்ரே.

மச்சினியின் குழந்தை இருந்தது. வீட்டுப் பூனை இருந்தது. சுவர் ஒன்றுகூட இல்லை. மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பதினைந்து வருடச் சுவர்களும் மாயமாகியிருந்தன.

“என்ன எக்ஸ்ரே, ஃபிலிம் கழுவ லேட் ஆகுதா?” என்றார் டாக்டரம்மா. “மதியம் மூணு பேருக்கு நேரம் கொடுத்திருக்கேன்.”

“அண்ணே, குத்துமதிப்பா சொல்லுங்க. ஓட்டை போட்டுப் பாப்போம்,” என்றார் மெஷின்காரர்.

குத்துமதிப்பு என்ற சொல்லே எக்ஸ்ரேக்கு ஆகாது. வராந்தாவுக்கு வந்து மனைவிக்கு ஃபோன் போட்டார். அவள் தையல் கடையில் இருந்தாள்.

“ஏம்மா, என் ஃபோனைத் தொட்டியா?”

“உங்க ஃபோனை நான் ஏங்க தொடப்போறேன்? தொட்டா கை முழுக்க சிமெண்டு.”

“சுவர் படம் ஒண்ணையும் காணோம்.”

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது.

“செருப்பு படமா?”

“ஆமா.”

“அது என் ஃபோன்ல இருந்துச்சுங்க. இடமில்ல, இடமில்லன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. என்னதான் அடைச்சிருக்குன்னு பாத்தா செருப்பு, செருப்பு, அத்தனையும் செருப்பு. தெரியாம கை பட்டு எடுத்திருப்பீங்கன்னு ஞாயித்துக்கிழமை மொத்தமா அழிச்சேன். என் ஃபோன்லதான அழிச்சேன்? உங்களோடது உங்ககிட்ட இருக்கும்ல?”

ஃபோன் வாங்கிய அன்று கடைக்காரர் இரண்டு ஃபோனுக்கும் ஒரே கணக்கைப் போட்டுக்கொடுத்தது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. படமெல்லாம் கிளவுடில் ஒரே இடத்தில் இருக்கும், எந்த ஃபோனில் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அவர் சொன்னதில் இருவருக்கும் பார்ப்பது மட்டும் காதில் விழுந்திருந்தது. அழிப்பதும் அப்படித்தான் என்பது விழவில்லை.

“தொட்டி ஒண்ணுதாம்மா. குழாய்தான் ரெண்டு. உன் குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியைக் காலி பண்ணா என் குழாய்ல தண்ணி வருமா?” என்றார். கோபப்படத்தான் நினைத்தார். சொல்லி முடித்தபோது, தன் தொழிலே இதில் இருப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதீங்க, எனக்குப் பதறுது. இருங்க, ஃபோனை வெக்காதீங்க. வெட்டிப்போட்ட துணியை நானே ஒரு மாசம் மூட்டை கட்டி வெச்சிருப்பேன், ஆள் திரும்பி வந்து கேட்டா கொடுக்க. இவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் வெச்சிருக்க மாட்டானா?” என்று முணுமுணுத்தபடி எதை எதையோ அழுத்தினாள். “இதோ. குப்பைத்தொட்டின்னு போட்டிருக்கு. எல்லாம் இங்கதான் கெடக்குதுங்க. முப்பது நாள் வெச்சிருப்பாங்களாம்.”

“எடுத்துப் போடு, தாயே.”

அவர் கிளினிக்குக்குள் ஓடி வந்தார். முதலில் ஒரு செருப்பு. பிறகு நான்கு. பிறகு மழை பிடித்துக்கொண்டது மாதிரி, சமையலறைச் செருப்பு, மாடிச் செருப்பு, பள்ளிக்கூடக் கழிவறைச் செருப்பு என்று வந்து விழுந்துகொண்டே இருந்தன. டாக்டரம்மா எட்டிப் பார்த்துச் சிரிப்பை அடக்க முகமூடியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இதோ இந்தச் சுவர்,” என்றார் எக்ஸ்ரே. செருப்பைக் கழற்றிச் சுவரோடு வைத்து அளக்கப் போனார்.

“அண்ணே, நேத்துதான் பெயிண்ட் அடிச்சோம்,” என்றார் டாக்டரம்மா.

செருப்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காகிதம் வந்தது. ஜன்னலிலிருந்து மூன்று செருப்பு தள்ளிப் பென்சிலால் கோடு இழுத்தார். “இதுக்கு வலது பக்கம் எங்க வேணா போடுங்க. என் பொறுப்பு.”

டிரில் உறுமியது. ஒரு துளை. இரண்டு. மூன்று. அவர் சட்டைப்பையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அவள் இன்னும் ஃபோனை வைக்கவில்லை.

“என்ன வருதுங்க? தண்ணியா, தூளா?”

நான்காவது துளையிலிருந்து டிரில்லை உருவினார் மெஷின்காரர். எக்ஸ்ரே குனிந்து உள்ளே ஊதினார். முகமெல்லாம் வெள்ளையானது.

“தூளும்மா. நல்லாக் காஞ்ச தூள்,” என்றார் இருமிக்கொண்டே.

“அப்ப சரி, வைங்க. இங்க அளவு கொடுக்க ஆள் நிக்குது.”