ஏலத்துக்கு முன்னால் ஓடிய கடிகாரம்

இரண்டாம் உலகச் சண்டை நடந்த வருடங்களில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் வில்லியனூர்ப் பக்கம் விளைந்த மணிலாக்கொட்டையை, அதாவது வேர்க்கடலையை, எல்லை தாண்டித்தான் விற்போம். இங்கிலீஷ்காரர் பகுதி மண்டியில் வாரம் ஒருமுறை காலை ஒன்பது மணிக்கு ஏலம். அண்ணனுக்குக் காலில் ஆணி குத்திவிட்டதால், அந்த வாரம் முதல்முறையாக நான் தனியே வண்டி கட்டினேன். எங்கள் மூட்டைகளோடு பக்கத்து இரண்டு வீட்டாரும் தங்கள் மூட்டைகளை என்னை நம்பி ஏற்றிவிட்டார்கள்.

வழக்கமான நேரத்துக்குத்தான் புறப்பட்டேன். மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் உறைக்கவில்லை. ஆனால் ஏலம் முடிந்து தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். வெறும் வண்டிகள் எதிரே திரும்பி வந்தன. கிழமையைத் தவறாக எண்ணிவிட்டேனோ என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். யாரிடமும் போய்க் கேட்கக் கூச்சம். வெகுநேரம் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றேன். கடைசியில் மண்டிக் கணக்குப்பிள்ளையே கூப்பிட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். மணி பத்தை நெருங்கியிருந்தது.

சண்டைக்காக சர்க்கார் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டதாம். தந்தி ஆபீசும் அந்தக் கணக்கில்தான் திறக்கிறதாம். மதராசிலிருந்து விலைத் தந்தி வந்துவிட்டால் வியாபாரிகள் யாருக்காகக் காத்திருப்பார்கள்?

"உங்க பிரெஞ்சுக்காரன் இன்னும் மாத்தலியாய்யா?" என்று கணக்குப்பிள்ளை சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாந்து சூரியனைப் பார்த்தேன். அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. நேரத்தைப் போய் ஒரு மனிதன் நகர்த்தி வைப்பானா?

மிச்சமிருந்த ஒரு வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டார். அடுத்தவர் பொருளை அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை. பாரத்தோடு திரும்பினேன்.

ஊரில் நடந்ததைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மணியை மாத்திட்டானாமே. பொழுதையும் கவுறு கட்டி இழுத்துட்டானா இன்னா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லையோரம் எங்கள் பக்கத்தில் வரிசையாகச் சாராயக் கடைகள் உண்டு. அவர்கள் எதை நினைத்தார்கள் என்பது அண்ணன் நொண்டிக்கொண்டே எழுந்து வந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

"வாயை ஊதுடா" என்றார்.

அதுவரை நான் அந்தக் கடைகளின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. அது அண்ணனுக்கும் தெரியும். எல்லோர் முன்னிலையிலும் ஊதினேன். மோந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்த அவமானத்துக்கு முன்னால் கடிகாரத்தைத் தள்ளி வைத்தது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது எனக்கு.

மறுவாரம் அண்ணனும் வண்டியில் ஏறிக்கொண்டார். நான் இருட்டோடு மாடு பூட்டியதற்கு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மண்டியில் அப்போதுதான் ஏலம் தொடங்கியிருந்தது. அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே வந்து வெயிலைப் பார்த்தார், மறுபடியும் போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று வீட்டு மூட்டையும் விலை போயிற்று.

ஊர் திரும்பியதும், இங்கிலீஷ்காரன் மணியை மாற்றிவிட்ட கதையைத் தானே கண்டுபிடித்தவர்போல எல்லோருக்கும் சொன்னார். அவர் சொன்னதும் நம்பினார்கள். அடுத்த வாரத்துக்கு மூட்டை ஏற்றிக்கொள்ளச் சொல்லி என்னிடமே வந்தார்கள். நானும் ஏற்றிக்கொண்டேன். வாயை ஊதச் சொன்னதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை, அண்ணனும் பேசவில்லை. அதன்பிறகு அவரோடு பேசும்போதெல்லாம் ஓரடி தள்ளியே நின்றேன். அதை அவர் கவனித்தாரா என்பது எனக்குத் தெரியாது.