பரிசக்கா கேட்கும் கேள்வி

பரிசக்கா வீட்டில் ஏழு ஃப்ரிட்ஜ் இருக்கிறதாம். ஸ்டூடியோவில் மேக்கப் போடுகிற பெண்ணுக்கு லிஃப்ட்காரர் சொன்னது. லிஃப்ட்காரருக்குப் பரிசக்காவின் மாடிவீட்டுக்காரரே சொன்னாராம். "கண்ணால பார்த்திருக்காங்க. பெட்டி பெட்டியா உள்ள போகுதாம்."

பெட்டி போவது உண்மை. உள்ளே ஃப்ரிட்ஜ்தான் இருக்காது. கம்பளிகளையும் மகளின் பழைய பாடப்புத்தகங்களையும் போட்டு வைக்க அவ்வளவு தடித்த அட்டை எந்தக் கடையிலும் கிடைக்காது என்பது பரிசக்காவின் கட்சி.

தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயித்தவர்களுக்குப் பரிசைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய உத்தியோகம். மேடையில் பளபளக்கிற ஃப்ரிட்ஜ் ஒன்றே ஒன்றுதான். அதை இதுவரை எத்தனையோ பேர் ஜெயித்தாயிற்று. அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. லைட் போடுகிறவர்கள் அதற்குள் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்கிறார்கள். ஜெயித்தவருக்கு உரியது, நிகழ்ச்சி ஒளிபரப்பான பிறகு கம்பெனிக் கிடங்கிலிருந்து வரும். கம்பெனியும் சும்மா தருவதில்லை. தொகுப்பாளர் கதவைத் தடவிக்கொண்டே பெயரை இரண்டு தரம் சொல்ல வேண்டும். ஒருநாள் அவர் தடவ மறந்துபோனார். "கை வைக்காம பேசினா எங்க ஃப்ரிட்ஜுன்னு யாருக்கும்மா தெரியும்?" என்று கம்பெனிக்காரர் பரிசக்காவைத்தான் காய்ச்சி எடுத்தார்.

இன்னொரு விதி உண்டு. ஒளிபரப்பாகும்வரை ஜெயித்தவர் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்ததாக அவரே ஒத்துக்கொண்டால் பரிசு ரத்து. ஃபோன் போட்டு அதை விசாரிப்பதும் பரிசக்காதான். 'சொன்னீர்களா?' என்று அவர் கேட்டதே இல்லை. "யார்கிட்டயும் மூச்சு விடலைல்ல? அதானே, நீங்க எங்க விடப்போறீங்க" என்று பதிலையும் தானே சொல்லி முடித்துவிடுவார்.

வெகுளிகள்தான் படுத்தி எடுப்பார்கள். மிக்ஸி ஜெயித்த தையல்காரர் ஒருவர், "மாமியார்கிட்ட மட்டும் சொன்னேங்க" என்றார்.

"லைன் சரியில்ல. சொல்லலைன்னுதானே சொன்னீங்க?"

"இல்லைங்க, சொன்னேன்னு சொன்னேன்."

"ஒண்ணும் கேக்கலைங்க. பக்கத்துல மாமியார் இருந்தா குடுங்க."

மாமியார் விவரமானவர். "அவர் என்கிட்ட என்னைக்கும்மா வாயைத் திறந்து பேசியிருக்காரு?" என்றார். மிக்ஸி போய்ச் சேர்ந்தது.

இந்த வாரம் கார். ஸ்கூல் வேன் ஓட்டுகிற ஒருவர், கைக்கு வந்த வாஷிங் மெஷினை விட்டுக்கொடுத்து, திரைக்குப் பின்னால் இருப்பதைக் கேட்டார். தரை துடைக்கிற லோஷன் பாட்டில்கூட இருந்திருக்கலாம். கார் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மறுநாளே வேன் முதலாளியிடம் போய், "இனிமே என் வண்டியையே ஓட்டிக்கறேன் முதலாளி" என்று சாவியை நீட்டிவிட்டார். முதலாளி நாலு பேரிடம் சொல்ல, அதில் ஒருவர் கார் கம்பெனி ஆள்.

ஒளிபரப்பு நாளைக்கு. அது முடிந்துவிட்டால் யாரும் எதையும் கேட்க முடியாது. அதனால்தான் இன்றைக்கே மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பரிசக்காவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க. சொன்னீங்களா, இல்லையா, அது மட்டும் கேளுங்க. உங்க கச்சேரியெல்லாம் வேண்டாம்."

"அந்த மனுஷன் வேலையையும் விட்டுட்டாரு சார்."

"அப்ப சொல்லிட்டாருன்னுதானே அர்த்தம்?"

பரிசக்கா நம்பரை அழுத்தினார். அன்றைக்கு மேடையை விட்டுப் போகும்போது திரையை இழுத்தவருக்கும் கைகொடுத்துவிட்டுப் போன ஆள் அந்த வேன்காரர். கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்.

ஸ்பீக்கரில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"எடுக்கலை சார்."

"அடிக்கட்டும்."

மேசைமேல் பரிசக்காவின் வலது கை ஃபோனுக்குப் பக்கத்தில் அடக்கமாக இருந்தது. மேசைக்கு அடியில் இடது கை, விரல்களை விரித்துக்கொண்டு, எங்கோ இருக்கிற அந்த மனிதரைப் பார்த்து 'வேண்டாம், வேண்டாம்' என்று ஆடிக்கொண்டிருந்தது.